சுவருக்கு அந்தப் பக்கம் தறி

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறி கொஞ்ச நேரம் ஓடாமல் இருந்தால் போதும், பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாமே, தறி நின்னுகினு கீது?" என்று கேட்டுவிடுவார். இதை யாரும் வம்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. தறி நின்றால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று. விருந்தாளி வந்திருக்கலாம், சண்டை நடந்திருக்கலாம், யாராவது கீழே விழுந்திருக்கலாம். கேட்டு வைப்பது நல்லது என்பது ஆரணி நெசவுத் தெருக்களில் எழுதாத சட்டம்.

நான் தெள்ளார் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்தத் தெரு முழுக்க ஒரே இரைச்சல்தான். போகப்போகத்தான் காது பழகியது. குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் தீர்ந்தால் ஒரு சின்ன நிறுத்தம். நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் அதைவிட நீளம். போன் வந்தால் பேச்சுக்குரல் கேட்கும். இதெல்லாம் தெரிந்த பிறகு என் கணவர் நெய்கிற தறியின் சத்தத்தைக் காதில் வாங்காமலே வேலை செய்யப் பழகிவிட்டேன். கடிகாரம் ஓடுவதை யார் கவனிக்கிறார்கள்?

என் வேலையும் அதே வீட்டில்தான், தறி இருக்கும் அறைக்கு அடுத்த அறையில். நடுவே ஒரு சுவர். அதுவும் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்ட சுவர். எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு சும்மா இருக்கிறாளே என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே எனக்கு ஒரு வேலை தேடிக்கொண்டேன். சென்னையில் இருக்கும் ஒரு சின்ன இணையதளத்துக்கு ஆராய்ச்சிச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். வாரா வாரம் ஒரு கட்டு அனுப்புவார்கள். மனநலத்தில் ஒன்று, பொருளறிவியலில் ஒன்று, கணிதத்தில் ஒன்று, மருத்துவத்தில் ஒன்று. உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ கண்டுபிடிப்பதை நான் ஆரணியில் உட்கார்ந்து பள்ளிப்பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும்.

மடிக்கணினியில் பாதிப் பொத்தான்கள் செத்துப்போனதால் ஒரு பழைய விசைப்பலகையைச் செருகி வைத்திருக்கிறேன். அதைத் தட்டினால் கடலை வறுக்கிற சத்தம் வரும். "உன் தறி ஓடுதா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். "உங்க தறிய நீங்க பாருங்க, என் தறிய நான் பாத்துக்கறேன்" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பயம் அதைவிட ஜாஸ்தி. ஆனால் வாய் வெளியே தெரியும், பயம் தெரியாது.

இந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. எழுதுகிற நோயெல்லாம் எனக்கோ என் வீட்டில் யாருக்கோ இருப்பதாகத் தோன்றும். சிறுநீரகம் பற்றி எழுதிய வாரம் முழுக்க மகளின் முகம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏழாவது படிக்கிறாள், "என்னம்மா சொம்மா என் மூஞ்சியையே பாக்கற?" என்று கத்தினாள். அந்தப் பயங்கள் அடுத்த கட்டு வந்ததும் போய்விடும். போகாத பயம் ஒன்று வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வாரக் கட்டில் பட்டு இருந்தது. பட்டு நூலின் மேல் இருக்கும் பசையைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் புரதத்தைக் கரைத்து மெல்லிய படலமாக்கி, உடம்புக்குள் வைக்கும் கருவிகளுக்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்று ஒரு செய்தி. வேலை முடிந்ததும் அது உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுமாம். இதைக் கணவரிடம் சொன்னேன். "நாம நெய்யறது கரையாம இருந்தா சரி" என்றார். சிரித்தோம். கணிதத்தில், ஒரே உத்தரத்தில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் ஒன்றின் அசைவு மற்றதைத் தொட்டுத் தொட்டு, கடைசியில் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதைப் பற்றி ஒன்று. பழைய விஷயம்தான், புதிதாக ஏதோ கணக்குப் போட்டிருந்தார்கள். அதையும் எழுதி முடித்தேன்.

மூன்றாவது, மருத்துவம். நடுக்குவாதம் என்று சொல்கிறோமே, பார்க்கின்சன், அது கை நடுங்க ஆரம்பிப்பதற்கு வெகு முன்னாலேயே உடம்பின் தாளத்தில் தெரிந்துவிடுமா என்று பல இடங்களில் பார்க்கிறார்கள். ஒருவர் விசைப்பலகையில் தட்டும் விதத்தில், நடக்கும்போது கை வீசுவதில், எழுத்து சிறுத்துக்கொண்டே போவதில். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சீராக இல்லாமல் போவதைக் கணக்காக்கிப் பார்க்கிறார்கள்.

என் மாமனாருக்குக் கை நடுங்கியது. கணவரின் அப்பா. நல்ல நெசவாளி. ஐம்பதைத் தாண்டியதும் வலது கையில் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் இழையைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் சோற்றைப் பிடிக்க முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் வாங்கிக் கொடுத்தார்கள். என் கல்யாணத்தின்போது அவர் அட்சதை போடக் கையைத் தூக்கினார், அரிசி எங்கள் தலைக்கு வராமல் வழியிலேயே கொட்டிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் போய்விட்டார். என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவே இல்லை. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் எனக்குப் பெயர் தெரிந்தது. என் கணவருக்கு நாற்பத்தைந்து ஆகிறது.

அன்றைக்குப் பார்த்து பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். தெருக்கோடியில் இருக்கும் விசைத்தறிக் கொட்டகை அடங்கிவிட்டது. மின்விசிறி இல்லை. தெருவே கழுவிவிட்ட மாதிரி அமைதி. அந்த அமைதியில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தறி மட்டும் தனியாகக் கேட்டது. நான் பாட்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். இடைவெளி சீராக இருக்காது என்ற வரியைத் தட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

முதலில் சீராகத்தான் ஓடியது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடி மெதுவானது. அப்புறம் ஒரு அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. தார் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தார் மாற்றினால் நாடாவைப் பலகையில் வைக்கும் சத்தம் வரும், வரவில்லை. இழை அறுந்திருந்தால் முணுமுணுப்பார், அதுவும் இல்லை. சும்மா நின்றது. பிறகு ஒரு அடி. மறுபடி நின்றது.

பயந்துபோய் வேலையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகத் தட்டினேன். தறி மறுபடி சரியாக ஓடியது. அப்பாடா என்று கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மெதுவாகி, தடுமாறி, நின்றது.

அன்றிலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன். மின்சாரம் வந்த பிறகும், விசைத்தறியின் இரைச்சலுக்குள்ளிருந்து அவர் தறியை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க என் காதுக்குத் தெரிந்துவிட்டது. தட்டுவேன், நிறுத்துவேன், கேட்பேன். நிறுத்திக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தடுமாற்றம் இருந்தது. ஒருநாள்கூடத் தவறவில்லை. தட்டிக்கொண்டிருக்கும்போது சரியாக ஓடுவது போல இருந்ததை, என் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இயற்பியல் படித்தவள் போட்ட கணக்கு அது.

போனில் பதிவு செய்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் இல்லை, இமைக்குள் மாமனாரின் கட்டைவிரல் ஆடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்ற மூட பயம் எனக்கு.

அந்த நோய் வந்தால் முதலில் வாசனை தெரியாமல் போகும் என்று படித்திருந்தேன். ஒருநாள் வேண்டுமென்றே பாலை அடுப்பில் வைத்துக் கருக விட்டேன். நான் அடுப்படியில் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். தறி டக்கென்று நின்றது. அவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாமே, இன்னா ஆச்சி?"

"பால் கருகிப்போச்சிங்க. வாசனை வந்துதா உங்களுக்கு?"

அவர் பாலைப் பார்க்கவே இல்லை. என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார். "நீ இங்கதான் நின்னுகினு இருந்தியா? நின்னுகினே கருக வுட்டியா?" என்று கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. வாசனை தெரிகிறது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. உடனே அடுத்த பயம் வந்தது. ஏன் முகம் இப்படி இறுகிக் கிடக்கிறது? முகத்தில் உணர்ச்சி குறைவதும் அந்த நோயின் அடையாளம்தான்.

நடையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன், கை வீசுகிறாரா என்று பார்க்க. வீசிக்கொண்டு நாலு எட்டு வைப்பார், நின்றுவிடுவார், திரும்பி என்னைப் பார்ப்பார். மறுபடி நாலு எட்டு, மறுபடி நின்றுவிடுவார். நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்றும் நான்தான் எழுதியிருந்தேன். பூக்கடைக்காரம்மா, "இன்னா, புருஷனுக்குக் காவலா?" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். முதுகு வேர்த்துப்போயிருந்தது.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. ஒரு காலையில் பார்க்கிறேன், மொட்டை மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. துணி காயப்போடும் மாடிக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா?

"கொரங்கு வருதுமே. பேஜாரா கீது" என்றார்.

"எந்தக் கொரங்குங்க? நான் ஒண்ணையும் பாக்கலையே."

"நீ பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா? துணிய நானே காயப்போட்டுக்கறேன், சாவிய என்கிட்ட வுட்டுடு."

இல்லாத குரங்குகள். அந்த நோயில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியுமாம். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மகள் பிறந்த சில மாதங்களில் எனக்கு மனம் சரியில்லாமல் போனது. குழந்தை அழுதால்கூட எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருக்கும். பேச்சே நின்றுபோய், ஒரு மத்தியானம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றுவிட்டேன். என் கணவர்தான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். வேலூரில் ஒரு மருத்துவரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டு, சரியானேன். அது முடிந்த கதை என்று நான் நினைத்திருந்தேன். மாடிப் பூட்டைப் பார்த்தபோதுகூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பயம் அந்த அளவுக்குக் கண்ணை மறைத்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு போடும்போது, இனி தாங்காது என்று வாயைத் திறந்தேன்.

"ஏங்க, வேலூர் போய் ஒரு டாக்டர பாத்துட்டு வந்துடலாங்களா?"

யாருக்கு, எதற்கு என்று கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "நானே சொல்லலாம்னு இருந்தேன். எப்டி சொல்றதுன்னுதான் தெரியல. நாளைக்கே போவலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் கையே அவருக்குச் சொல்லியிருக்கிறது. அதுவரை எனக்குள் எங்கேயோ, எல்லாம் உன் கிறுக்குத்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் ஒன்று இருந்தது. அந்த மத்தியானம் அது வாயடைத்துப்போனது. எனக்கு அதுவரை வந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினோம். பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு பேரும் ஜல்தி ஜல்தியா எங்க?" என்று கேட்டார். "வேலூருக்கு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கண்ணமங்கலம் தாண்டியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து வருஷக் குடும்பத்தில் பஸ்ஸில் கையைப் பிடித்த ஆள் இல்லை அவர். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. பஸ் ஆடுகிறதா, கை ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ள, நிறுத்தத்தில் பஸ் நிற்கும் வரை காத்திருந்தேன். பஸ் நின்றது. கை நிற்கவில்லை. நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் தறியிலிருந்து எழுந்துவிட்டால் எப்படி இருப்பார், நெய்வதைத் தவிர இவருக்கு வேறென்ன தெரியும், என் மகள் தன் அப்பாவுக்குச் சோறு ஊட்டுவாளா என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. இவர் இல்லாமல் என்னால் முடியாது. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்தேன். அவர் அதைவிட இறுக்கிப் பிடித்தார்.

பெரிய ஆஸ்பத்திரி. வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தோம். உள்ளே உட்கார்ந்திருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பேஷண்ட் யாருங்க?"

"இவருங்க" என்றேன்.

"இவங்கதாங்க" என்றார் அவர்.

இரண்டும் ஒரே மூச்சில். நான் அவரைக் கை காட்டிக்கொண்டிருந்தேன், அவர் என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஓரமா போயி ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிகினு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எனக்கு என்னாங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்? உங்களுக்காகத்தான் வந்திருக்கோம்."

"எனக்கா? எனக்கு இன்னாமே?"

"தறி தடுமாறுது. தெனமும் கேட்டுகினுதான் இருக்கேன். ஓடிகினே இருக்கறது திடீர்னு நிக்குது. மாமாவுக்கு வந்ததேதான் உங்களுக்கும்."

அவர் மெதுவாகச் சொன்னார். "நான் நிறுத்தறேன்மே. அது தானா நிக்கல. உன் டைப்பு சத்தம் நின்னுபோனா நான் தறிய நிறுத்திட்டு காது குடுத்துகினு இருப்பேன். நீ மறுபடி தட்ற வரைக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா? அன்னிக்கு கரண்ட் இல்லாத நாள்ல நீ தட்டிகினே இருந்த, அப்டியே நின்னுபோச்சி. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. எட்டிப் பாத்தேன். நீ சொம்மா செவுத்த பாத்துகினு உக்காந்திருந்த. அதுல இருந்து தெனமும் அதே கதைதான். சோறு துன்றதில்ல, தூங்கறதில்ல. பால கருக வுட்டு பக்கத்துலயே நின்னுகினு பாக்கற. அப்பவும் இப்டிதான்மே ஆரம்பிச்சிச்சி. இப்டிதான் சத்தமே இல்லாம இருந்த. அப்பால மாடில..."

தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

குரங்கு எதற்கு வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைத்தெருவில் நாலு எட்டுக்கு ஒருமுறை ஏன் நின்று திரும்பினார் என்பதும் புரிந்தது. ஒரே உத்தரத்தில் தொங்கும் இரண்டு கடிகாரங்களைப் பற்றி என் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தேன். நான் கேட்பதற்காக நிறுத்துவேன், நான் நிறுத்தியதால் அவர் நிறுத்துவார், அவர் நிறுத்தியதால் நான் இன்னும் பயந்து நிறுத்துவேன். இப்படியே நாள் நாளாக, ஒரு பாதிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பைத்தியங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "கைய காமிங்க" என்றேன். நீட்டினார். ஆடிக்கொண்டுதான் இருந்தது. "பஸ்ல இருந்தே ஆடுது. உன்னை இட்டுகினு வர்றேன்ல, அந்தப் பயம்" என்றார்.

பிறகு கேட்டார். "அப்ப உனக்கு ஒண்ணுமில்லதானே? நெசமா சொல்லு. நீ இல்லன்னு சொல்லிட்டா இப்டியே பஸ் ஏறிடலாம்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் ஜாஸ்தி என்று பேரெடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான் கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது? மகள் பள்ளியிலிருந்து வந்து என்னென்னவோ சொல்வாளே, அதில் ஒன்றையாவது காதில் வாங்கியிருக்கிறேனா? சில வாரங்களாக அவள் குரல் எனக்கு எங்கேயோ தூரத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தூரம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த தூரம் அது. நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், என் பழைய நோய் என்னை இடுப்பு வரை பிடித்துவிட்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு நோய் என்று நினைத்தபோது வந்த பயத்தை யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்லலாம் போலிருந்தது. இந்தப் பயத்தைக் கொண்டு எங்கே ஓடுவது? அது என்னோடேதான் ஓடி வரும்.

நான் தனியாக நடந்து மறுபடி வரிசையில் போய் நின்றேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார். எங்கள் முறை வந்தது. அந்தப் பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றேன்.

உள்ளே இருந்த மனநல மருத்துவர் அம்மா என் வயதுக்காரர். தூக்கம் எப்படி என்று மட்டும்தான் கேட்டார். நான் ஆரம்பித்து, நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரை கொடுத்தார், வந்து பேசிவிட்டுப் போக நாள் சொன்னார். "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். எனக்காக ஒன்று செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். நரம்பு மருத்துவர் ஒருவரிடம் என் கணவரையும் அனுப்பினார்கள். விரலைத் தட்டச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், கையை மூடித் திறக்கச் சொன்னார்கள். "இப்போதைக்கு அப்படி ஒண்ணும் தெரியலங்க" என்றார் அந்த டாக்டர். ஊர் வந்து சேரும் வரை அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லையே நான் மென்றுகொண்டு வந்தேன்.

மாடிப் பூட்டு இன்னும் தொங்குகிறது. நான்தான் இருக்கட்டும் என்று சொன்னேன். துணியை அவர்தான் காயப்போடுகிறார், பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதில் அளவில்லாத ஆச்சரியம். மாத்திரையில் வாய் கசக்கிறது. சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறது. மகள் பேசுவது சில நாள் பக்கத்தில் கேட்கிறது, சில நாள் இன்னும் தூரத்தில்தான்.

இன்றைக்கு மறுபடி பராமரிப்பு நாள். மின்சாரம் இல்லை, தெரு அடங்கிக் கிடக்கிறது. இதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு வார்த்தை அகப்படாமல் கையை எடுத்தேன். அந்தப் பக்கம் தறி நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவருக்கும் அடித்துக்கொண்டிருக்கும்.

"இன்னாமே?" என்று சுவருக்கு மேலாகக் குரல் வந்தது.

"இருக்கேங்க. ஒரு வார்த்தை தேடிகினு இருக்கேன்."

"கெடச்சிதா?"

"இன்னும் இல்லீங்க."

"தேடு. நான் இங்கதான் கீறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தறி ஓட ஆரம்பித்தது.